“அக்கா, ஒரு சந்தேகம்”: கடலூர் பக்கம் வீட்டின் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து ஜூலை முடியும் வரை திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கீழே செருப்பு குவிந்து கிடக்கும். ஒரு கல்லூரி அலுவலகத்தில் சேர்க்கைப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் விடவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஜெராக்ஸ் கட்டு, கூடவே அதே பத்துப் பன்னிரண்டு சந்தேகம். சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

“எங்க வீட்டுல காலேஜ் வாசப்படி மிதிச்சவங்க யாருமில்ல. ப்ளஸ் டூ முடிஞ்சதும் மொதல்ல என்ன பண்ணணும்?”

மார்க் ஷீட் கைக்கு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். விண்ணப்பம் ரிசல்ட்டை ஒட்டியே திறந்து, சில வாரங்களில் மூடிவிடும். இன்ஜினியரிங்குக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் கவுன்சிலிங் தனி. அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஆன்லைன் விண்ணப்பம் தனி. கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரி, விருத்தாசலம் திரு கொளஞ்சியப்பர் கல்லூரி, சி.முட்லூர் கல்லூரி எல்லாம் அந்த ஒரே தளத்தில்தான் வரும். இரண்டுக்கும் போட்டு வையுங்கள். ஒன்று வாங்கினால் இன்னொன்று கிடையாது என்பது வெறும் வதந்தி.

இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மற்ற பாடத்தில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் இதில் சேராது. “மொத்தம் 540 மார்க், ஏன் பின்னாடி தள்ளிட்டாங்க?” என்று வருடா வருடம் யாராவது சண்டைக்கு வருவார்கள்.

சாதி, வருமானம், முதல் பட்டதாரி, இருப்பிடம் என்று எந்தச் சான்றிதழ் தேவையானாலும் ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் போட்டுவிடுங்கள். ஜூனில் போட்டால் விஏஓ, ஆர்.ஐ., துணை வட்டாட்சியர் என்று ஒவ்வொரு மேசையிலும் உங்களுக்கு முன்னால் நூறு பேர் நிற்பார்கள். படித்த அப்பா இருக்கிற வீட்டில் இது ஏப்ரலில் முடிந்திருக்கும். இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் மார்க் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் ஓட்டத்தை ஒருவன் இரண்டு மாதம் முன்னால் தொடங்கிவிட்டான்.

“கவர்ன்மென்ட் காலேஜ்ல ஃபீஸே இல்லன்றாங்க. நெசமா?”

இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை, நிஜம்தான். சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று சிறு தொகைகள் உண்டு. அதற்காக யாரும் படிப்பை விட்டு நான் பார்த்ததில்லை.

விடுவது வேறு செலவுகளால். காட்டுமன்னார்கோயில் பக்கத்து உள்கிராமத்திலிருந்து வருகிற பையன் காலை ஐந்தரைக்கு எழுந்து, இரண்டு பஸ் மாறி, முதல் பீரியடுக்குப் பாதியில் வந்து நிற்பான். பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் காசில்லை, அது பெரிய உதவி. ஆனால் வெளியூர் பஸ்ஸுக்கு அது செல்லாது. மதியச் சாப்பாடு, ரெக்கார்ட் நோட்டு, நெட் பேக், துறை விழாவுக்கு ஆளுக்கு இருநூறு. இதோடு வீட்டுக்கு வராமல் போகும் கூலியும் ஒரு செலவு. சனி ஞாயிறு பெயின்ட் வேலைக்குப் போகிற பையன் செவ்வாய்க்கிழமையும் போக ஆரம்பிப்பான். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகும். அப்புறம் ஒரு நாள் வரமாட்டான்.

“மொதல் பட்டதாரி சர்டிபிகேட் வாங்கினா எல்லா ஃபீஸும் தள்ளுபடியா?”

இல்லை. 2010-11 முதல் இருக்கிற இந்தச் சலுகை தொழிற்கல்விப் படிப்புகளின் கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான். ஒற்றைச்சாளர கவுன்சிலிங்கில் வந்த இடமாகவும் இருக்க வேண்டும். விடுதி, பஸ், இன்ன பிற உங்கள் பாடு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் அந்தச் சான்றிதழ் வெறும் காகிதம்.

ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். தாத்தா பாட்டி வரை யாருமே பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. அஞ்சல் வழியில் படித்தாலும் பட்டம் பட்டம்தான். நெல்லிக்குப்பத்துப் பையன் ஒருவன் வந்தான். அவனுடைய அக்கா, கல்யாணத்துக்குப் பிறகு, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தொலைதூரக் கல்வியில் பி.ஏ. தமிழ் முடித்திருந்தாள். கல்லூரிக்கே போகாததால் வீட்டில் யாரும் அதைப் படிப்பாகவே நினைக்கவில்லை. அவள் பட்டதாரி என்பதே விஏஓ கேட்டபோதுதான் வீட்டுக்கு ஞாபகம் வந்தது. தம்பிக்குச் சான்றிதழ் இல்லை என்றானதும், தான் படித்ததே தப்பு என்பதுபோல அந்தப் பெண் திண்ணையில் உட்கார்ந்து அழுதாள். அவள் பட்டத்தால் அந்த வீட்டுக்கு ஒரு ரூபாய் வந்ததில்லை. விதி அதைப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

“ஏழரை சதவீதம்னு ஒண்ணு சொல்றாங்களே, அது யாருக்கு?”

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கான உள் ஒதுக்கீடு அது. நீதிபதி கலையரசன் ஆணையத்தின் பரிந்துரையை அடுத்து 2020-ல் மருத்துவப் படிப்புக்கு வந்தது. 2021-ல் இன்ஜினியரிங், வேளாண்மை, சட்டம், கால்நடை, மீன்வளம் என்று விரிந்தது. இதில் இன்ஜினியரிங் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இது கிடைக்கிறவர்கள் முந்தைய பதிலில் உள்ள சான்றிதழுக்காக அலைந்து வேர்க்க வேண்டாம்.

ஒரு வருடம் தனியாரில் படித்திருந்தாலும் இடம் போய்விடும். (கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டு வரை தனியாரில் படித்துவிட்டு, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு.) ஆறாம் வகுப்பில் கடன் வாங்கி இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்து, கட்ட முடியாமல் எட்டில் அரசுப் பள்ளிக்குத் திரும்பிய பிள்ளைகள் நம் பக்கம் ஏராளம். அந்த இரண்டு வருடம் அவர்களுக்குக் கடனையும் தந்து, ஏழரையையும் பறித்தது. அரசு உதவி பெறும் பள்ளிக்காரர்களும் இதில் வரமாட்டார்கள்.

“மாசம் ஆயிரம் ரூபா குடுத்தா ஏத்தத்தாழ்வு போயிடுமா?”

போகாது. ஆனால் ஆயிரத்தைக் கேலி செய்கிறவர்கள் ஆயிரம் இல்லாமல் இருந்து பார்த்தவர்கள் இல்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் முன்பு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவியாக இருந்தது. தாலிக்குத் தங்கமும் பணமும் கொடுத்துக்கொண்டிருந்ததை மாற்றி, படிக்கும் வரை மாதம் ஆயிரம் என்று ஆக்கினார்கள். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. பணம் அப்பா கைக்குப் போகாமல் பிள்ளையின் கணக்குக்கே வருகிறது என்பது எனக்கு ஆயிரத்தை விடப் பெரிய விஷயம்.

கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். இங்கே ஒரு கூத்து. பண்ருட்டி பக்கத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி, விடுமுறையெல்லாம் அம்மாவோடு முந்திரிக்கொட்டை உடைத்தவள். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல்நுனி கறுத்துத் தோல் உரிந்திருந்தது. வங்கியில் விரலை வைத்தால் மெஷின் “மறுபடி முயற்சிக்கவும்” என்கிறது. பத்து விரலும் வைத்துப் பார்த்தாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். இப்படி ஆனால் வெட்கப்பட்டுத் திரும்பி வராதீர்கள். ஆதார் மையத்தில் கண் பதிவும் எடுப்பார்கள். மொபைல் எண்ணை இணைத்துவிட்டால் ஓடிபியிலும் பல வேலை முடியும்.

“இட ஒதுக்கீடுதான் 69 சதவீதம் இருக்கே. இன்னும் என்ன சமத்துவம் வேணும்?”

இதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைக்குச் சான்றிதழ் கேட்டு வந்தவர்கள் இல்லை, பக்கத்தில் டீ குடிக்க வந்தவர்கள். சரி, கேட்டதற்குச் சொல்கிறேன். பிசி 26.5, பிசி முஸ்லிம் 3.5, எம்பிசி-சீர்மரபினர் 20, எஸ்சி 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), எஸ்டி 1. மிச்சம் 31 பொதுப் போட்டி. அது முற்பட்ட சாதியாருக்கான ஒதுக்கீடு இல்லை. மார்க் இருக்கிற யாரும் அதில் வரலாம்.

எம்பிசி 20 சும்மா வந்ததில்லை. 1987 செப்டம்பரில் வன்னியர்கள் ஒரு வாரம் சாலை மறியல் செய்தார்கள். 21 பேர் செத்தார்கள், பெரும்பாலும் நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்தில். 1989-ல் எம்பிசி என்று தனிப்பிரிவு வந்தது. அதற்குள் வன்னியருக்கு 10.5 என்று 2021-ல் வந்ததை அதே வருடம் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றமும் 2022-ல் அதையே உறுதி செய்தது.

ஒதுக்கீடு வாசல் வரை கொண்டு வந்து விடும். எந்த வாசல் என்பது வேறு கேள்வி. அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகமும், ஊருக்கு வெளியே பொட்டலில் நிற்கிற தனியார் கல்லூரியும் கணக்கில் ஒரே “இன்ஜினியரிங் சீட்” தான். கவுன்சிலிங்கில் விருப்பக் கல்லூரிகளை வரிசையாகக் குறிக்கும் சாய்ஸ் ஃபில்லிங்கில், வீட்டுக்குப் பக்கம் என்று ஒரே ஒரு கல்லூரியை மட்டும் போட்டு, அதை விட நல்ல இடத்துக்கு மார்க் இருந்தும் தவறவிட்டவர்களை எண்ணி மாளாது.

“சாதி சர்டிபிகேட் கையில இருக்கு. ஜிப்மர், ஐஐடிக்கு அதே போதும்ல?”

எஸ்சி, எஸ்டிக்குச் சாதிச் சான்று, கேட்கிற படிவத்தில் இருந்தால் போதும். பிசி, எம்பிசிக்காரர்களுக்குப் போதாது. மத்திய அரசு நிறுவனங்களில் அவர்கள் பெரும்பாலும் ஓபிசி. அங்கே 27 சதவீதம் உண்டு, ஆனால் கிரீமி லேயர் (ஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவு) இல்லை என்று தனிச் சான்றிதழ் வேண்டும், அதுவும் அந்த நிதியாண்டில் வாங்கியதாக. எல்லை ஆண்டுக்கு 8 லட்சம். அந்த 8 லட்சத்தில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. ஆகவே “எங்களுக்கு நெல்லு, கரும்புல வருது, தரமாட்டாங்க” என்று நீங்களே தீர்ப்பெழுதிக்கொள்ளாதீர்கள்.

“பாண்டிச்சேரி இருபத்தஞ்சு கிலோமீட்டர்தான். அங்க சீட் கேட்டா தருவாங்களா?”

பஸ்ஸுக்கு அது பக்கம். கவுன்சிலிங்குக்கு அது வேறு மாநிலம். புதுச்சேரி அரசின் இடங்களை சென்டாக் என்கிற அவர்களுடைய சேர்க்கைக் குழு நிரப்புகிறது. அது அந்த யூனியன் பிரதேசத்தில் குடியிருப்பவர்களுக்கு. மருத்துவத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2023 முதல் அவர்களும் 10 சதவீதம் கொடுக்கிறார்கள், அதுவும் அவர்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு. ஜிப்மரும், காலாப்பட்டில் இருக்கிற புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் மத்திய அரசுடையவை. அங்கே நம் பிள்ளைகள் நுழைவுத்தேர்வு எழுதித் தாராளமாகப் போகலாம். சில பாடங்களில், சில இடங்களில் உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு பங்கு எடுத்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

எல்லையோர ஊர்க்காரர்கள் கவனிக்க: வீடு தமிழ்நாட்டில், பள்ளி பாகூர் பக்கம் என்றால் நமது ஏழரை சதவீதம் கிடைக்காது. எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படிக்காததால் இங்கே கவுன்சிலிங்குக்கு இருப்பிடச் சான்றும் கேட்பார்கள். ஒரு வாய்க்காலைத் தாண்டிப் பள்ளிக்குப் போனதற்கு இவ்வளவு.

“ஒரு அண்ணன் ஊருக்கே வந்து, சீட் கன்ஃபார்ம்னு ஒரிஜினல் எல்லாம் வாங்கிட்டுப் போயிட்டார்.”

அவர் அண்ணன் இல்லை, தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குகிற ஏஜென்ட். ஒரிஜினல் போனால் நீங்கள் கவுன்சிலிங்குக்குப் போக முடியாது. அதற்காகத்தான் வாங்குவதே. கல்லூரிகளே கூட ஒரிஜினலைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்பது யுஜிசி விதி. அப்பாவைக் கூட்டிப் போய் உடனே திரும்பக் கேளுங்கள். தராவிட்டால் எழுத்தில் புகார் கொடுப்பேன் என்று சொல்லுங்கள். பாதி பேர் அதிலேயே தந்துவிடுவார்கள்.

“பேங்க்ல லோன் கேட்டா நெலப் பத்திரம் இருக்கான்றாங்க.”

4 லட்சம் வரை அடமானமும் வேண்டாம், கையிலிருந்து போட வேண்டிய பங்கும் வேண்டாம். ஏழரை லட்சம் வரைகூட மத்திய அரசின் கடன் உத்தரவாதத் திட்டத்தில் அடமானம் இல்லாமல் தர வழி இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்து, படிப்பும் கல்லூரியும் திட்டத்துக்குள் வந்தால், படிக்கும் காலமும் அதன்பின் ஒரு வருடமும் வட்டியை அரசு ஏற்கும். மேனேஜர் வாயால் “இல்லை” என்றால் நம்பித் திரும்பாதீர்கள். வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்தால் மறுப்பும் பதிவாகும். பதிவாகிறது என்றால் பேச்சின் தொனி மாறும்.

எஸ்சி, எஸ்டி பிள்ளைகள் கடனுக்குப் போகும் முன் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைப் பாருங்கள். வருமான எல்லை இரண்டரை லட்சம். பணம் தாமதமாக வரும், கல்லூரி அதற்குள் நெருக்கும். ஒரு கல்லூரியில் ஹால் டிக்கெட்டைப் பிடித்து வைத்து, ஒரு பெண் அம்மாவின் கம்மலைக் கழற்றிக் கொடுத்து வாங்கியதை அருகிலிருந்து பார்த்தேன்.

“தமிழ் மீடியத்துல படிச்சவன் அங்க போய்த் தாங்குவானா?”

முதல் செமஸ்டர் தாங்க மாட்டான். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. வகுப்பில் எல்லாரும் சிரிக்கும்போது, எதற்கு என்று புரியாமல் அவனும் சிரிப்பான். ஒரு பையனின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஆசிரியர் சொன்ன ஆங்கில வார்த்தையைக் காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் எழுதியிருந்தான். “கெப்பாசிட்டன்ஸ்” ஒரு பக்கத்தில் “கேப்பாசிடன்ஸ்” என்று இருந்தது, அடுத்த பக்கத்தில் “கபாசிடென்”. ராத்திரி உட்கார்ந்து புத்தகத்தில் அதைத் தேடிக் கண்டுபிடித்து எழுத்துக்கூட்டைத் திருத்துவானாம். பன்னிரண்டாம் வகுப்பில் அவன் இதே பாடத்தைத் தமிழில் நன்றாகவே படித்தவன். மின்தேக்குத்திறன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். இரண்டும் ஒன்று என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அதனால் கோடையிலேயே பன்னிரண்டாம் வகுப்பின் ஆங்கில வழிப் புத்தகத்தைத் தமிழ்ப் புத்தகத்தோடு பக்கம் பக்கமாக வைத்துப் படியுங்கள். பாடம் தெரிந்ததுதான், சொல் மட்டும்தான் புதிது. முதல் வருட அரியர் இரண்டு விழுந்தால் உலகம் முடியாது, ஆனால் வீட்டில் சொல்லிவிடுங்கள். ஒளித்துவைத்த அரியர்தான் படிப்பை நிறுத்தும். 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கலைத் தமிழிலேயே தொடங்கியது. அதே வருடம் அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் என்று சட்டமும் வந்தது. பிறகு அதைத் திருத்தி, பள்ளியிலிருந்தே தமிழ் வழியாக இருக்க வேண்டும் என்று இறுக்கினார்கள். டிஎன்பிஎஸ்சி எழுதும் எண்ணம் இருந்தால் இந்தச் சான்றை ஒவ்வொரு கட்டத்திலும் வாங்கி வையுங்கள்.

“நீட்டுக்கு இன்னொரு வருஷம் உக்காரலாமாக்கா?”

தொழிற்கல்வி நுழைவுத்தேர்வைத் தமிழ்நாடு 2006-ல் சட்டம் போட்டு நீக்கியது. 2017-லிருந்து மருத்துவத்துக்கு நீட் வந்து உட்கார்ந்தது. நீட்டின் பாதிப்பை ஆராய்ந்த ஏ.கே. ராஜன் குழு 2021-ல் சொன்னதும் நம் திண்ணையில் தெரிகிறதும் ஒன்றுதான்: ஒரு வருடம் சம்பாதிக்காமல் கோச்சிங்கில் உட்கார முடிகிற வீட்டுக்கு அது சாதகம். ஏழரைக்குத் தகுதி இருந்து, முதல் முயற்சியில் கொஞ்சத்தில் தவறியிருந்தால் உட்காருங்கள். மற்றபடி ஒரு படிப்பில் சேர்ந்துகொண்டு எழுதுங்கள்.

சிதம்பரம் மருத்துவக் கல்லூரி பற்றியும் கேட்பீர்கள். 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் அரசு தன் நிர்வாகத்தில் எடுத்த பிறகும் மருத்துவக் கல்லூரியில் தனியார் அளவுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மாணவர்கள் ஐம்பது நாளைத் தாண்டிப் போராடினார்கள். 2021 தொடக்கத்தில் அது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியானது, கட்டணமும் இறங்கியது.

“பொண்ணும் படிக்கிறா, பையனும் படிக்கிறான். ஒருத்தரைத்தான் முடியும். யாரை?”

இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பதிலையும் முடிவு செய்துகொண்டுதான் வருகிறார்கள். என் வாயால் கேட்டுக்கொண்டு போனால் மனசு ஆறும், அதற்குத்தான். நான் சொல்ல மாட்டேன். இரண்டு பேரின் மார்க்கையும், மேலே உள்ள எந்தச் சலுகை யாருக்கு என்பதையும் ஒரு தாளில் எழுதுவேன். முக்கால்வாசி நேரம், ஒருத்தரைத்தான் முடியும் என்ற கணக்கே தப்பாக இருக்கும்.

“டிகிரி முடிச்சவன் சிப்காட்டுல பதினஞ்சாயிரத்துக்கு நிக்கிறான். எதுக்குப் படிக்கணும்?”

இதற்கு நேர்மையான பதில் கொஞ்சம் கசப்பு. 2021-22 அகில இந்தியக் கணக்கெடுப்பில், 18 முதல் 23 வயது மக்கள்தொகையோடு ஒப்பிட்ட உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47, நாட்டில் 28.4. பெருமைதான். ஆனால் தெருவுக்கு நாலு பட்டதாரி வந்துவிட்டால், வேலை கொடுப்பவர் பட்டத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார். எந்தக் கல்லூரி, எப்படிப் பேசுகிறான், யார் சொல்லி அனுப்பினார்கள் என்று பார்க்கிறார். நம் பிள்ளைகளுக்கு இல்லாதது அந்தக் கடைசி ஒன்று. சென்னையில் ஒரு மாமா இருப்பவன் இன்டர்ன்ஷிப் போகிறான். இல்லாதவன் அந்த இரண்டு மாதம் ஊரில் கல்யாண மண்டபத்தில் பரிமாறப் போகிறான்.

அதற்காகப் படிக்காமலிருந்தால் அந்தப் பதினைந்தாயிரம்கூட இல்லை. இரண்டாம் வருடத்திலேயே சீனியர்களைப் பிடியுங்கள். உங்களுக்கு முன் உங்கள் ஊரிலிருந்து போன நாலு பேர்தான் உங்கள் மாமா.

“நீங்க படிச்சு வேலைக்கும் போயிட்டீங்க. உங்க பொண்ணுக்கும் எம்பிசி சலுகையா?”

ஒரு தம்பி நேராகக் கேட்டான், அவனுக்கு காபி கொடுத்தேன். என் மகளுக்கு முதல் பட்டதாரிச் சலுகை இல்லை, ஏழரை இல்லை, ஆயிரம் ரூபாய் இல்லை. அதெல்லாம் நியாயம்தான். எம்பிசி மட்டும் உண்டு, மாநிலத்தில் கிரீமி லேயர் கிடையாது. அவள் மார்க்குக்குப் பொதுப் பட்டியலிலேயே இடம் வந்துவிட்டது. அப்படி வருகிறவர் ஒதுக்கீட்டில் ஓர் இடத்தைத் தின்பதில்லை. வராமல் போயிருந்தால் ஒதுக்கீட்டைப் பயன்படுத்தியிருப்பேனா? பயன்படுத்தியிருப்பேன். நானும் அவரும் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகும் வாடகை வீடு தேடும்போது “நீங்க என்ன ஆளுங்க?” என்ற கேள்வி நிற்கவில்லை. ஆனாலும் எங்கள் சாதியிலேயே முதல் தலைமுறைப் பிள்ளை ஒருவன் அதே பட்டியலில் நின்றிருப்பான் என்பதும் எனக்குத் தெரியும். ஒதுக்கீட்டுக்குள்ளேயே முதல் தலைமுறைக்குச் சில கூடுதல் புள்ளிகள் தரலாம் என்று நினைக்கிறேன். தம்பிக்கு அந்தப் பதிலில் திருப்தி இல்லை. காபியை மட்டும் முழுசாகக் குடித்தான்.

“உங்களை எப்ப வந்து பாக்கலாம்?”

காலை பத்துக்குள். ஒரிஜினலைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வராதீர்கள், ஜெராக்ஸ் போதும். கூட்டமாக இருந்தால் பக்கத்து வீட்டுத் திண்ணையிலும் உட்காரலாம், அவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.